பழைய கடல் வெப்பநிலைப் பதிவுகளைக் கையாளத் தொடங்குவோருக்கு

ஆய்வுக் கப்பல்கள் சுமார் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்த்த கடல் வெப்பநிலை அளவீடுகளை இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒரே மாலைப்பொழுதில் லட்சக்கணக்கான வரிகளை இறக்கி, ஆண்டுவாரியாகச் சராசரி எடுத்து, ஒரு கோட்டையும் வரைந்துவிட முடியும். அந்தக் கோடு பெரும்பாலும் தவறாக இருக்கும். கோப்பில் 4.7 என்று நிற்கும் எண்ணுக்குப் பின்னால் ஒரு கயிறு, ஒரு வெப்பமானி, ஆடும் மேல்தளத்தில் நின்று அதைப் படித்த ஓர் ஆள் என மூன்றும் இருக்கின்றன. அந்த மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் எடுத்தால், கடலின் மாற்றம் எது, கருவியின் மாற்றம் எது என்று பிரிக்கவே முடியாது. அப்படிப் பிரிக்கக் கற்பதற்கான படிகளை, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கேள்வியைக் குறுக்குங்கள்

"கடல் சூடாகிறதா?" என்ற கேள்வியோடு கோப்பைத் திறக்காதீர்கள். "அட்லாண்டிக்கில் வடக்கு அட்சரேகை 24 பாகையை ஒட்டி, 1,000 மீட்டர் ஆழத்தில், 1957க்குப் பிறகு என்ன மாறியது?" என்பது விடை தேடக்கூடிய கேள்வி. அந்தக் குறுக்குக்கோட்டில் 1957, 1981, 1992 என்று கப்பல்கள் திரும்பத் திரும்பப் போயிருப்பதால்தான் அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். வடகிழக்குப் பசிபிக்கில் 'லைன் பி' என்ற வரிசையில் 1950களிலிருந்து அளக்கிறார்கள். கலிஃபோர்னியக் கரையோரத்தில் 'கால்கோஃபி' திட்டம் 1949 முதல் ஓடுகிறது. புதியவர்கள் இப்படி ஒரே பாதையில் பலமுறை அளந்த தொகுப்பு ஒன்றில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உலகக் கடல் முழுவதையும் முதல் நாளே எடுத்தால் எந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும்.

எந்தக் கருவி அளந்தது என்று கண்டுபிடியுங்கள்

மற்றப் படிகளைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பழைய தரவில் வரும் பெரிய பிழைகளில் மிகப் பல கருவியிலிருந்து வருபவை. ஒவ்வொரு கருவியும் தனக்கே உரிய திசையில் தவறு செய்யும். அந்தத் திசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1872 டிசம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து புறப்பட்ட சேலஞ்சர் கப்பல் 1876 மே மாதம் திரும்பியது. வழியில் 362 நிலையங்களில் நின்று அளந்தது. கடலாய்வில் 'நிலையம்' என்பது கட்டடம் அன்று. கப்பல் நின்று அளந்த இடமும் நேரமும் சேர்ந்ததே நிலையம். சேலஞ்சரில் பயன்பட்டது மில்லர்-கசெல்லா வெப்பமானி. அது தான் கடந்துவந்த நீரில் மிகக் குறைந்த வெப்பநிலை எதுவோ அதைக் காட்டும் கருவி. ஆழம் போகப் போகக் குளிரும் கடல்களில் இதனால் தொல்லை இல்லை. மிகக் குளிர்ந்த நீரே மிக ஆழத்தில் இருக்கும். துருவக் கடல்களில் கதை வேறு. அங்கே குளிர்ந்த அடுக்குக்குக் கீழே சற்று வெதுவெதுப்பான நீர் இருக்கும். மேலே உள்ள குளிரைக் கடந்துபோன வெப்பமானி அந்தக் குளிரையே பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே அண்டார்க்டிக் பகுதியில் ஒரு பழைய நிலையம் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டினால், அது கடலின் இயல்பு என்று எழுதிவிடாதீர்கள்.

கயிறும் பிழை செய்யும். கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் சணல் கயிறு செங்குத்தாகத் தொங்காமல் சாய்ந்து கிடக்கும். ஆயிரம் மீட்டர் கயிறு விட்டாலும் வெப்பமானி ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருக்காது, சற்று மேலேயே இருக்கும். மேலே உள்ள நீர் வெதுவெதுப்பானது. அப்படியென்றால் அந்தக் காலத்து அளவு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே பதிவாகியிருக்கும். இன்றைய அளவோடு ஒப்பிடும்போது வெப்ப உயர்வு குறைவாகத் தெரியும். 2012இல் வெளியான ஆய்வு ஒன்று சேலஞ்சர் அளவுகளை இன்றைய ஆர்கோ மிதவைகளின் (கடலில் தானாக மூழ்கி எழுந்து அளக்கும் கருவிகள்) அளவுகளோடு ஒப்பிட்டது. மேற்பரப்பில் சராசரியாக 0.59 டிகிரி செல்சியஸ், 366 மீட்டரில் 0.39, 914 மீட்டரில் 0.12 என்று உயர்வு கிடைத்தது. ஆழத்து எண்களைக் குறைந்தபட்ச மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதற்கு அந்தச் சாய்ந்த கயிறே காரணம். பிழையின் திசை தெரிந்திருந்ததால்தான் இவ்வளவு பழைய எண்களிலிருந்தும் உறுதியாக ஒன்றைச் சொல்ல முடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாலுமிகள்மேல் மதிப்புக் கூடுகிறது.

1874இல் நெக்ரெட்டி - ஜாம்ப்ரா நிறுவனம் கவிழ் வெப்பமானியைக் கொண்டுவந்தது. வேண்டிய ஆழத்தில் அதைச் சில நிமிடம் நிறுத்துவார்கள். பிறகு கம்பி வழியாக 'தூதன்' எனப்படும் எடையை நழுவ விடுவார்கள். அது போய் இடித்ததும் வெப்பமானி தலைகீழாகும். பாதரசத் தண்டு ஒரு குறுகிய கழுத்தில் அறுந்து, அந்த இடத்து வெப்பநிலை அப்படியே சிறைபட்டுவிடும். நான்சென் நீர்மாதிரிக் குடுவையோடு சேர்த்துக் கட்டப்பட்ட இந்தக் கருவி இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு ஆழ்கடல் அளவீட்டின் முதுகெலும்பாக இருந்தது. 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்த ஜெர்மன் கப்பல் மீட்டியோர் பயன்படுத்தியதும் இவ்வகைதான். கவனமாகப் படித்தால் 0.02 டிகிரி வரை இதை நம்பலாம்.

இதில் நான் மிகவும் ரசிக்கும் நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு வெப்பமானிகளைச் சேர்த்து இறக்குவார்கள். ஒன்று கண்ணாடி உறையால் நீரழுத்தத்திலிருந்து காக்கப்பட்டது, மற்றது காக்கப்படாதது. அழுத்தம் நசுக்குவதால் இரண்டாவது ஏறக்குறைய நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கூடுதலாகக் காட்டும். இரண்டின் வித்தியாசத்திலிருந்து உண்மையான ஆழம் கிடைத்துவிடும். கயிற்றை நம்ப வேண்டியதில்லை. எனவே பழைய பதிவேட்டில் 'வெப்பமானி ஆழம்' என்றும் 'கம்பி நீளம்' என்றும் இரண்டு பத்திகள் இருந்தால், முதலாவதையே எடுங்கள்.

1930களின் இறுதியில் வந்த எம்.பி.டி. எனப்படும் இயந்திர வெப்ப வரைவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூச்சிட்ட சிறு கண்ணாடித் துண்டில் கீறலாகப் பதியும். சுமார் 275 மீட்டர் வரைதான் எட்டும். நூறில் ஒரு டிகிரி பற்றிப் பேசும் தகுதி அதற்குக் கிடையாது.

1960களில் வந்த எக்ஸ்.பி.டி. எனப்படும், ஒருமுறை மட்டும் பயன்படும் வெப்ப வரைவி அப்படி எளிதில் கடந்துபோகக்கூடியது அன்று. ஓடும் கப்பலிலிருந்தே வீசிவிடலாம். மெல்லிய செப்புக் கம்பி வழியாக வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே கீழே விழும். வேலை முடிந்ததும் கம்பி அறுந்துவிடும். அதில் அழுத்தமானி இல்லை. விழத் தொடங்கி எத்தனை வினாடி ஆயிற்று என்பதை வைத்து ஒரு சூத்திரத்தால்தான் ஆழத்தைக் கணக்கிட்டார்கள். பழைய சூத்திரம்: ஆழம் = 6.472 × வினாடி − 0.00216 × வினாடியின் வர்க்கம். பரவலாகப் பயன்பட்ட சில வகைக் கருவிகளுக்கு 1995இல் வெளியான திருத்தம் 6.691, 0.00225 என்ற எண்களைத் தந்தது. அறுபதாவது வினாடிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: பழையதில் 380.5 மீட்டர், புதியதில் 393.4 மீட்டர். பதின்மூன்று மீட்டர் வித்தியாசம். பத்து மீட்டருக்கு 0.2 டிகிரி வீதம் குளிரும் இடமாக இருந்தால், இந்த வித்தியாசம் மட்டுமே 0.25 டிகிரிக்கு மேல் பிழையைத் தந்துவிடும்.

இதோடும் முடியவில்லை. விழும் வேகம் தயாரிப்புக் காலத்தையும் கருவி வகையையும் பொறுத்து மாறியது. வெப்பநிலை உணரியிலும் ஒரே பக்கமாகச் சாயும் தனிப் பிழை இருந்தது. 1970களில் உலகக் கடல் திடீரென வெப்பமடைந்து பிறகு குளிர்ந்ததுபோல் பழைய வரைபடங்களில் ஒரு மேடு தெரியும். அதன் பெரும்பகுதி இந்தக் கருவிகளின் பிழையே என்பது 2007இலும் அதற்குப் பின்னும் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆகவே கப்பலில் எக்ஸ்.பி.டி. பயன்பட்டிருந்தால், கருவி வகை எது, ஆழத்துக்கு எந்தச் சூத்திரம், திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டதா என்ற மூன்றையும் எழுதி வைத்த பிறகே அடுத்த வேலை. திருத்தப்பட்ட தரவை மறுபடி திருத்துவது, திருத்தாமல் விடுவதற்குச் சமமான கேடு.

1970களிலிருந்து பரவிய, மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும் சி.டி.டி. கருவியில் அழுத்தமானி உண்டு. கரையில் சரிபார்த்த கருவி ஆயிரத்தில் ஓரிரு டிகிரி வரை துல்லியம் தரும். 1990களில் நடந்த உலகக் கடல் சுழற்சி ஆய்வுத் திட்டத்தின் கப்பல் கோடுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அந்தக் கோடுகளில் பல இன்றும் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி அளக்கப்படுகின்றன.

தரவை எங்கே எடுப்பது

தொடங்குவதற்கு உலகக் கடல் தரவுத்தளம் போதும். அமெரிக்காவின் நோவா அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அதில் தரவு கருவிவாரியாகப் பிரிந்திருக்கிறது: குடுவை அளவீடுகள் ஒரு பிரிவு, சி.டி.டி. ஒன்று, எம்.பி.டி. ஒன்று, எக்ஸ்.பி.டி. ஒன்று. எல்லாப் பிரிவுகளையும் ஒரே கோப்பாக்க வேண்டும் என்ற ஆசை வரும், தவிர்த்துவிடுங்கள். உயர்தரக் கப்பல் கோடுகள் மட்டும் வேண்டுமென்றால் சான் டியேகோவிலுள்ள ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தின் நீரியல் தரவு அலுவலகம் இருக்கிறது. வட அட்லாண்டிக்கின் பழைய தரவுக்கு, 1902இல் தொடங்கிய பன்னாட்டுக் கடல் ஆய்வு மன்றத்தின் சேமிப்பைப் பாருங்கள்.

கோப்பு நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவில் வந்தால் பைத்தான் நிரல்மொழியில் திறக்கலாம். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தில் உருவான ஓஷன் டேட்டா வியூ மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான்.

தரக்குறிகள் ஏமாற்றும்

ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அதன் தரத்தைச் சொல்லும் சிறு எண் ஒன்று இருக்கும். உலகக் கடல் தரவுத்தளத்தில் 0 என்றால் ஏற்கத்தக்கது. ஆர்கோ மிதவைத் தரவில் 1தான் நல்லது. அங்கே 0 என்றால் இன்னும் சோதிக்கப்படவில்லை. உலகக் கடல் சுழற்சித் திட்டக் கோப்புகளில் 2 என்பதே நல்லது. தொடக்க நாட்களில் இரண்டு தொகுப்புகளைச் சேர்த்து, இரண்டிலும் 0 என்ற குறியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தேன். ஒன்றில் நல்லவற்றை வைத்துக்கொண்டிருந்தேன், மற்றதில் நல்லவற்றையே தூக்கி எறிந்திருந்தேன். வரைபடத்தைப் பார்த்தால் எந்தக் கோளாறும் தெரியவில்லை, அதுதான் ஆபத்து. அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுப்புக்கும் கையேட்டின் தரக்குறிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். உலகக் கடல் தரவுத்தளத்தில் தனி எண்ணுக்கு ஒரு குறியும் நிலையத்தின் முழு வரிசைக்கு ஒரு குறியும் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

அலகுகளை ஒன்றாக்குங்கள்

பழைய பிரிட்டிஷ் பதிவுகளில் ஆழம் ஃபாதத்தில் இருக்கும். இரு கைகளையும் விரித்த நீளத்திலிருந்து வந்த அளவு அது; மீனவர் வழக்கில் 'பாகம்' என்பார்கள். ஒரு ஃபாதம் 1.8288 மீட்டர், 500 ஃபாதம் 914.4 மீட்டர். வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருக்கும்: 40.5 என்றால் 32ஐக் கழித்து 1.8ஆல் வகுக்க 4.72 செல்சியஸ். மாற்றிய பிறகும் மூல எண்ணைத் தனிப் பத்தியில் வைத்திருங்கள். மூல எண் அரை டிகிரிப் படிகளில் படிக்கப்பட்டிருந்தால், மாற்றியதில் இரண்டு தசமம் வருவதால் துல்லியம் கூடிவிடாது.

1968இலும் 1990இலும் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலே திருத்தப்பட்டது. 1968 அளவுகோலின் எண்ணை 1.00024ஆல் வகுத்தால் 1990க்குரியது வரும். 25 டிகிரியில் வித்தியாசம் 0.006. சேலஞ்சர் தரவில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், 1980களின் சி.டி.டி. தரவில் கட்டாயம் கவலைப்படுங்கள்.

ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அழுத்தமே நீரைச் சிறிது சூடாக்கும். மரியானா அகழியில் நான்கு, ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே வெப்பநிலை மறுபடி ஏறுவது வெளியிலிருந்து வந்த வெப்பத்தால் அன்று, நீர் அமுங்குவதால்தான். வெவ்வேறு ஆழத்து நீரை ஒப்பிட வேண்டுமானால் இந்த விளைவைக் கழித்த 'நிலை வெப்பநிலை'யைக் கணக்கிட வேண்டும். ஜி.எஸ்.டபிள்யூ. என்ற இலவச நிரல் தொகுப்பு அதைச் செய்து தரும்.

கப்பலை வரைபடத்தில் ஓட்டிப் பாருங்கள்

வெப்பநிலையைத் தொடும் முன் நிலையங்களை நாள்வரிசையில் வரைபடத்தில் கோடாக இணையுங்கள். கப்பல் நிலத்தின்மேல் ஏறியிருந்தால் கிழக்கு மேற்காக மாறியிருக்கலாம், அல்லது வடக்கு தெற்காக. அடுத்தடுத்த நிலையங்களுக்கிடையே வேகத்தையும் கணக்கிடுங்கள். ஆய்வுக் கப்பல் பொதுவாக மணிக்குப் பத்து, பன்னிரண்டு கடல்மைல் போகும். பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 220 முதல் 270 கிலோமீட்டர். உங்கள் கப்பல் அதே நேரத்தில் 900 கிலோமீட்டர் போயிருந்தால் தேதியோ இடமோ பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பதிவுகளில் தீர்க்கரேகை பாரிஸிலிருந்து எண்ணப்பட்டிருக்கலாம். கிரீனிச்சிலிருந்து 2 பாகை 20 நிமிடம் கிழக்கே. நிலநடுக்கோட்டில் இது 260 கிலோமீட்டர். 1918க்கு முந்தைய ரஷ்யப் பதிவேடுகளில் தேதி ஜூலியன் நாட்காட்டியில் இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதிக்குப் பன்னிரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரட்டைப் பதிவுகளையும் இப்போதே பிடியுங்கள். ஒரே நிலையம் இரண்டு நாடுகளின் தரவு மையங்கள் வழியாக வந்து, ஒன்றில் இடத்தின் எண் தோராயமாகச் சுருக்கப்பட்டும் மற்றதில் அப்படியேயும் இருக்கும். ஒரே நாள், 0.1 பாகைக்குள் இடம், பொது ஆழங்களில் ஒரே எண்கள் என்றால் விரிவான பதிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 100, 200, 300, 400 என்று எல்லா ஆழமும் முழு எண்ணாகவே இருந்தால் அவை அளந்தவையாக இல்லாமல் இடைக்கணிப்பால் நிரப்பியவையாக இருக்கலாம். மூல ஆழப் பதிப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

விநோதமான எண்ணை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆழம் கீழ்நோக்கியும் வெப்பநிலை பக்கவாட்டிலும் வரும்படி ஒரு வரைவு போட்டுக் கண்ணால் பாருங்கள். நூறு நிலையம் என்றாலும் பாருங்கள். −1.9 டிகிரிக்குக் கீழே போனால் ஐயப்பட வேண்டும். சாதாரண உப்புள்ள கடல்நீர் மேற்பரப்பில் அந்த அளவில் உறைந்துவிடும். திடீரென்று வரும் 0.00, 99.99, −999 போன்றவை பெரும்பாலும் 'அளவு இல்லை' என்பதன் குறிகள். இவற்றை நீக்கிவிடலாம்.

மற்றவற்றில் பொறுமை வேண்டும். 1948இல் ஸ்வீடனின் ஆல்பட்ராஸ் கப்பல் செங்கடலில் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தைக் கண்டது. 1960களில் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போது டிஸ்கவரி கப்பல் அதே பகுதியில் 44 டிகிரியை அளந்தது. ஆழ்கடலில் 44 டிகிரி! தானியங்கித் தரச்சோதனை எதுவாக இருந்தாலும் தூக்கி எறிந்திருக்கும் எண் அது. ஆனால் அது கடலடியில் தேங்கிய வெந்த உப்புநீர்க் குழியின் உண்மையான வெப்பநிலை. எனவே மற்ற எதையும் அழிக்காதீர்கள். ஐயக்குறி இட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதி, ஒதுக்கி வையுங்கள்.

ஒப்பிடும்போது

பிப்ரவரி அளவை ஆகஸ்ட் அளவோடு ஒப்பிடாதீர்கள். மேல் நூறு மீட்டரில் பருவ மாற்றம், நூறாண்டு வெப்ப உயர்வைப் போலப் பல மடங்கு இருக்கும். ஒவ்வொரு பழைய அளவிலிருந்தும் அதே இடத்து, அதே மாதத்துச் சராசரியைக் கழியுங்கள். அந்தச் சராசரியை உலகக் கடல் வரைபடத் தொகுப்பு தருகிறது. அதுவும் கடந்த சில பதிற்றாண்டுகளின் தரவால் ஆனது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரே ஒரு பழைய நிலையத்தை ஒரே ஒரு புதிய நிலையத்தோடு ஒப்பிட்டு முடிவு சொல்லவும் கூடாது. கடலுக்குள் ஓடும் அலைகளும் சுழல்களும் நீரடுக்குகளைப் பல பத்து மீட்டர் ஏற்றி இறக்கும். சேலஞ்சர் ஒப்பீடு நிற்பது, நூற்றுக்கணக்கான இடங்களைச் சேர்த்துப் பார்த்ததால்தான். 2019இல் வேறோர் ஆய்வு அதே சேலஞ்சர் தரவை வைத்து, ஆழ்பசிபிக்கில் சுமார் 1.8 முதல் 2.6 கிலோமீட்டர் வரை இருபதாம் நூற்றாண்டில் நீர் சற்றுக் குளிர்ந்திருக்கிறது என்று காட்டியது. பல நூற்றாண்டுகளுக்கு முன் மேற்பரப்பில் நிலவிய குளிர் இப்போதுதான் அந்த ஆழத்தை எட்டுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒரே தரவு மேலே வெப்பத்தையும் கீழே குளிரையும் சொல்கிறது. ஆழம் பிரித்துப் பார்க்காமல் சராசரி எடுத்திருந்தால் இரண்டும் கண்ணில் பட்டிருக்காது.

கையெழுத்துப் பதிவேடு கிடைத்தால்

இன்னும் கணினிக்குள் வராத பதிவேடுகள் உண்டு. அவற்றை மீட்பதற்கென்றே 1993இல் யுனெஸ்கோவின் அரசிடைக் கடலியல் ஆணையம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியாக லட்சக்கணக்கான பழைய வரிசைகள் தரவுத்தளத்தில் சேர்ந்தன. உங்கள் கையில் அப்படி ஒரு பதிவேடு வந்தால், முதலில் அட்டை உள்பட ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். தட்டச்சு செய்யும்போது எழுதியிருப்பதை எழுதியபடியே பதியுங்கள். பிழை என்று தெரிந்தாலும் மூலப் பத்தியில் திருத்தாமல், திருத்தத்துக்குத் தனிப் பத்தி வையுங்கள். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, கோப்புகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் மட்டும் படத்தைத் திரும்பப் பாருங்கள். 1ஐயும் 7ஐயும் குழப்பிக்கொள்வது இப்படித்தான் பிடிபடும். ஓரக்குறிப்புகளையும் விடாதீர்கள். "கம்பி மிகவும் சாய்ந்தது", "வெப்பமானி எண் 3 ஐயத்துக்குரியது" என்று அன்று யாரோ எழுதிய ஒரு வரி, இன்று அந்த நிலையம் முழுவதையும் எப்படி எடுத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும். முடித்ததும் படங்களையும் இரண்டு கோப்புகளையும் சேர்த்து உங்கள் நாட்டின் கடலியல் தரவு மையத்துக்கு அனுப்புங்கள். கப்பலின் பெயரையும் பயண எண்ணையும் கருவி விவரத்தையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.